திறக்க மறுக்கும் படக்கோப்புகள்: ரா, பிஎஸ்டி, சிடிஆர் திறக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்காவின் கல்யாணம் 2011இல் நடந்தது. ஆல்பத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் ஸ்டுடியோக்காரர் கொடுத்தார். "எல்லாமே இதுல இருக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்து வருடங்களுக்கு மேல் கிடந்தது. அப்பா காலமானபோது, மாட்டி வைக்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று அம்மா கேட்டார். அக்காவைத் தாரைவார்த்துக் கொடுக்கும்போது அப்பாவின் முகம் இருந்த மாதிரி வேறு எப்போதும் இருந்ததில்லை என்பது அம்மாவின் எண்ணம். ஆல்பத்தில் அந்தப் படம் உள்ளங்கை அளவுதான். சரி, டிஸ்க்கில் பெரிதாக இருக்கும் என்று சொருகினேன்.

நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் இருந்தன. ஒன்றிலும் படம் தெரியவில்லை. வரிசை வரிசையாக வெள்ளைக் காகிதச் சின்னங்கள். பெயர்களின் கடைசியில் சிஆர்2, என்இஎஃப், பிஎஸ்டி, சிடிஆர். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மெடிக்கல் ஷாப்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டிஸ்க்கோ, டிவிடியோ, பென் டிரைவோ இருக்கும். காசு கொடுத்தது நீங்கள், படத்தில் இருப்பது உங்கள் குடும்பம். ஆனால் திறக்கும் சாவி வேறு ஒருவரின் மென்பொருளில் இருக்கிறது. அந்தச் சாவி புழக்கத்தில் இருக்கும்போதே திறந்து, யாரும் படிக்கக்கூடிய ஒரு பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினியில் கோப்புகளை நகலெடுக்கவும் ஒரு மென்பொருளை நிறுவவும் தெரிந்தால் போதும்.

தனியுரிமை வடிவம் என்றால் என்ன

எந்தப் படக்கோப்பும் உள்ளுக்குள் வரிசையாக அடுக்கிய எண்கள்தான். தரையில் புள்ளி வைத்த கோலம் மாதிரி. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு இழுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது கோலம், தெரியாதவருக்கு வெறும் மாவுப் புள்ளிகள். இழுக்கும் விதியை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருந்தால் அது திறந்த வடிவம். பிஎன்ஜி அப்படிப்பட்டது. விதியை ஒரு நிறுவனம் தன் கையில் வைத்திருந்தால் அது தனியுரிமை வடிவம்.

இதிலும் படித்தரங்கள் உண்டு. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி அடோபி நிறுவனத்தின் சொத்து, ஆனால் அதன் அமைப்பை அடோபியே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் சிடிஆருக்கு அப்படி எதுவும் வெளியாகவில்லை. கேனனின் சிஆர்2, நிக்கானின் என்இஎஃப் போன்ற ரா கோப்புகளும் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே எழுதிவைப்பவை) பெரும்பாலும் மூடியவைதான். ஐபோனின் எச்இஐசி வேறு ரகம். அது சர்வதேசத் தர அமைப்பு ஏற்ற வடிவம், ஆவணமும் உண்டு, ஆனால் உள்ளே படத்தைச் சுருக்கும் முறைக்குப் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இருக்கின்றன. உங்கள் கோப்பு இதில் எந்த ரகம் என்று தெரிந்தால், எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் நகல். பழைய டிஸ்க்கில் நேரடியாக வேலை செய்யாதீர்கள். பத்து வருடம் ஓடாமல் கிடந்த டிஸ்க் இன்று ஓடுகிறது, நாளைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது. மொத்தத்தையும் கணினிக்கோ வேறு டிஸ்க்குக்கோ நகலெடுத்துவிட்டு, பழையதைத் திரும்ப பீரோவிலேயே வைத்துவிடுங்கள். இனி எல்லாம் நகலில்தான்.

அடுத்து, கோப்பின் நீட்டிப்பு தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் கோப்புறையின் மேலே 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் மூன்று நான்கு எழுத்துகள்தான் நீட்டிப்பு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சிஆர்2 என்று இருப்பதை ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் படம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. அரிசி டப்பாவில் 'பருப்பு' என்று எழுதி ஒட்டிய கதைதான் அது. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. நிக்கானின் என்இஎஃப் கோப்பு டிஃப் என்ற பழைய வடிவத்தின் சட்டகத்துக்குள் எழுதப்பட்டது. அதை டிஃப் என்று பெயர் மாற்றினால் சில மென்பொருள்கள் திறந்தே விடும். ஆனால் தெரிவது, கேமராவின் திரைக்காக உள்ளே வைத்த 160க்கு 120 புள்ளி அளவிலான தபால்தலைப் படம். 'அடடா, படம் இவ்வளவு சின்னதாகிவிட்டதே' என்று வருந்தி அதன் மேலேயே சேமித்தால், உண்மையான படம் அதோடு போயிற்று.

கோப்பின் தலையைப் பார்ப்பது

நீட்டிப்பு பொய் சொல்லலாம், சில சமயம் இல்லாமலே போகலாம். ஆனால் கோப்பின் முதல் சில எழுத்துகள் அநேகமாகப் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு வடிவமும் தொடக்கத்தில் தனக்கென ஒரு முத்திரை வைத்திருக்கிறது. பார்ப்பதற்கு எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருள் போதும். சின்னக் கோப்பு என்றால் நோட்பேடே காட்டிவிடும், பெரியதைப் போட்டால் அது திணறும். எதில் திறந்தாலும் பார்த்துவிட்டு மூடுங்கள். 'சேவ்' மட்டும் வேண்டாம்.

நான் முதலில் திறந்தது, நீட்டிப்பே இல்லாமல் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பு. முதல் வரியில் 8, அடுத்து பி, பி, எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் (8BPS). அதற்குப் பிறகு முழுக்கக் கிறுக்கல். அந்த நான்கு எழுத்துகளே போதும், அது பிஎஸ்டி. ஆல்பம் டிசைன் செய்தவர் அவசரத்தில் பெயரை மாற்றியபோது நீட்டிப்பையும் அழித்திருக்கிறார். சேர்த்து எழுதினேன், திறந்துகொண்டது.

மற்ற முத்திரைகளும் இப்படித்தான். ஜேபெக் என்றால் இரண்டொரு கிறுக்கலுக்குப் பின் ஜேஎஃப்ஐஎஃப் என்றோ எக்ஸிஃப் என்றோ தெரியும். பிஎன்ஜியில் இரண்டாவது எழுத்திலிருந்து பிஎன்ஜி என்றே இருக்கும். இரண்டு ஐ, அல்லது இரண்டு எம் வந்து அதை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி தெரிந்தால் டிஃப் சட்டகம். பல ரா கோப்புகள் இதே சட்டகத்தில்தான் இருக்கின்றன. கேனனின் சிஆர்2 என்றால் கொஞ்சம் தள்ளி சி, ஆர் என்ற எழுத்துகளும் இருக்கும். ஃபுஜிஃபில்ம் கேமரா தன் பெயரையே தலையில் எழுதிவிடும். எஃப், டி, ஒய், பி என்ற நான்கெழுத்துக்குப் பின் எச்இஐசி வந்தால் ஐபோன் படம், சிஆர்எக்ஸ் வந்தால் கேனனின் புதிய சிஆர்3. ஆர், ஐ, எஃப், எஃப் என்று தொடங்கி, நான்கு இடம் தள்ளி சிடிஆர் என்று வந்தால் பழைய கோரல்டிரா. அதே தொடக்கத்தில் வெப்பி என்று வந்தால் அது இணையப் படம். பி, கே என்று தொடங்கினால் ஜிப் பொட்டலம். புதிய கோரல்டிரா கோப்பும் ஒரு ஜிப் பொட்டலம்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எச்எக்ஸ்டியில் பார்க்கும்போது வரிக்கு வரி வெறும் பூஜ்ஜியமாக இருந்தால் அது வடிவத்தின் சிக்கல் அல்ல. கோப்பே காலி. மெமரி கார்டு கெட்டிருக்கும், அல்லது நகலெடுக்கும்போது பாதியில் நின்றிருக்கும். எந்த மென்பொருளாலும் அதைத் திறக்க முடியாது. அசல் கார்டு இன்னும் கையில் இருந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன முத்திரைகளைத்தான் அது கார்டு முழுக்கத் தேடி, கிடைத்ததை மீட்டுத் தரும்.

ரா கோப்புகள்: கழுவாத ஃபிலிம்

ரா கோப்பில் இருப்பது இன்னும் படம் அல்ல, சென்சார் அளந்த வெளிச்சம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் அளக்கும். நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இந்த ஏற்பாட்டுக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருப்பது அதுதான். மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு மென்பொருள்தான் நிரப்ப வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. மண்டபத்தில் வீடியோ லைட் வெளிச்சத்தில் வெளுத்துப்போன நெற்றியையும், ஹோமப் புகையில் மங்கிய முகத்தையும் மீட்க முடிவது இந்தக் கூடுதல் படிகளால்தான். கல்யாணப் படங்கள் ராவில் கிடைத்தால் எரிச்சல்பட வேண்டாம், உண்மையில் அது புதையல்.

கேமரா நிறுவனங்கள் இதை மூடி வைத்ததற்கு ஒரு கதை உண்டு. 2005இல் நிக்கானின் டி2எக்ஸ் கேமரா, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட உதவும் 'ஒயிட் பேலன்ஸ்' தகவலைச் சங்கேதமாக்கிக் கோப்பில் எழுதியது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் அதை வெளிப்படையாகக் குறை சொன்னார். சங்கேதத்தை உடைத்தால் அமெரிக்காவின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில் சிக்கலாம் என்ற பயம் அடோபிக்கு இருந்தது. டேவ் காஃபின் என்ற நிரலாளர் அதை உடைத்தார். அவர் 1997இலிருந்தே டிசிரா என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்து வந்தவர். ஒரே ஒரு சி மொழிக் கோப்பு, அதற்குள் நூற்றுக்கணக்கான கேமராக்களின் விதிகள். எல்லாம் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து அவர் கண்டுபிடித்தவை. அதன் வழி வந்த லிப்ரா என்ற நிரலகம் இன்று எத்தனையோ மென்பொருள்களுக்குள் ஓடுகிறது. பத்து வருடப் பழைய சிஆர்2 கோப்பை என் மடிக்கணினி ஒரு பைசா செலவில்லாமல் திறந்தது என்றால், அதன் வேர் இந்த மனிதரின் உழைப்பில் இருக்கிறது.

இனி வேலை. முதலில் கோப்புறைகளில் சின்னப் படம் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன்' என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். அல்லது எக்ஸ்என்வியூ எம்பி என்ற மென்பொருளைப் போடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், நூற்றுக்கணக்கான வடிவங்களைக் காட்டும். நாலாயிரம் வெள்ளைக் காகிதங்களும் ஒவ்வொன்றாக முகங்களாக மாறுவதை அம்மாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

அந்தச் சின்னப் படம் எங்கிருந்து வருகிறது? ஏறக்குறைய எல்லா ரா கோப்புக்குள்ளும் கேமராவே தயாரித்த ஒரு ஜேபெக் படம் ஒளிந்திருக்கிறது. மாடலைப் பொறுத்து அது முழு அளவிலோ சற்றுச் சிறிதாகவோ இருக்கும். வாட்ஸாப்பில் அனுப்பவும் சாதாரணமாகப் பிரிண்ட் போடவும் இதுவே போதும். எக்ஸ்என்வியூவில் தேவையான படங்களை மொத்தமாகத் தேர்ந்து 'கன்வெர்ட்' கொடுத்து ஜேபெக் ஆக்கிக்கொள்ளலாம். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூலைப் பயன்படுத்தி உள்ளிருக்கும் படத்தை அப்படியே உருவலாம். கேனன் கோப்பில் அதன் பெயர் 'பிரிவியூ இமேஜ்', நிக்கானில் 'ஜேபிஜி ஃப்ரம் ரா'. நாலாயிரம் படமும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

பெரிதாக்கி மாட்ட வேண்டிய படத்துக்கு மட்டும் ராவை முறையாகக் கழுவுங்கள். கேமரா நிறுவனங்களின் மென்பொருள்கள் இலவசம்தான். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். ஆனால் வீட்டு டிஸ்க்கில் இரண்டு மூன்று கேமராக்களின் படங்கள் கலந்துதான் கிடக்கும், எங்கள் டிஸ்க் அப்படித்தான். அதனால் எல்லாவற்றையும் திறக்கும் டார்க்டேபிள் அல்லது ராதெரபி போதும் என்பது என் கருத்து. இரண்டும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அசல் கோப்பை இவை தொடுவதில்லை. நீங்கள் செய்யும் திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும்.

அப்பாவின் படத்தை டார்க்டேபிளில் திறந்தபோது முகம் மஞ்சள் பூசினாற்போல இருந்தது. ஒரு பக்கம் வீடியோ லைட், இன்னொரு பக்கம் மண்டபத்துக் குழல்விளக்கு. 'ஒயிட் பேலன்ஸ்' பகுதியில் படத்திலிருந்து நிறத்தைத் தொட்டு எடுக்கும் குழாய்ச் சின்னம் இருக்கிறது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டிய இடத்தை அதற்குக் காட்ட வேண்டும். அப்பாவின் வேட்டியில், நிழல் விழுந்த ஒரு மடிப்பில் வைத்துச் சொடுக்கினேன். நன்றாக வெளிச்சம் பட்ட இடத்தில் வைக்கக் கூடாது, அங்கே எல்லா நிறமும் நிரம்பி வழிந்திருக்கும், கணக்கு தப்பும். மஞ்சள் அந்த நொடியே விலகியது. அவருடைய மாநிறம் திரும்ப வந்தது, பக்கத்தில் அக்காவின் புடவை அரக்கு நிறமானது. 'எக்ஸ்போஷரை' அரைப் புள்ளி குறைத்ததும் நெற்றியில் விபூதிப் பட்டையின் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆல்பத்தில் அது ஒரே வெள்ளைத் திட்டு. ஏற்றுமதி செய்யும்போது 16 பிட் டிஃப் ஒன்று, பிரிண்ட் கடைக்கு ஜேபெக் ஒன்று என இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய கேமரா வாங்கியவர்களுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும். கணினியில் பழைய ஃபோட்டோஷாப், கையில் போன வருட கேமரா, ரா கோப்பு திறக்காது. 2004இல் அடோபி டிஎன்ஜி என்ற ரா வடிவத்தை ஆவணத்தோடு வெளியிட்டு, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அடோபி டிஎன்ஜி கன்வெர்ட்டரும் இலவசம். புதிய கேமராவின் ராவை அதில் கொடுத்து டிஎன்ஜியாக மாற்றினால் பழைய ஃபோட்டோஷாப்பும் திறக்கும். நெடுநாள் சேமிப்புக்கும் டிஎன்ஜி நல்லதுதான், ஆனால் அசலை அழிக்காதீர்கள்.

பிஎஸ்டி: அடுக்கு அடுக்கான ஆல்பம்

ஆல்பத்தின் ஒவ்வொரு தாளும் ஒரு பிஎஸ்டி. 12க்கு 36 அங்குலத் தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், வடிவமைத்தால் 3,600க்கு 10,800 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்தால் ஒரு அடுக்குக்கே ஏறக்குறைய 117 எம்பி. அதன் மேல் பூக்கள், சட்டங்கள், எழுத்து, நிழல் என்று லேயர் மேல் லேயர். ஒரே கோப்பு ஐந்நூறு எம்பி தாண்டுவது இதனால்தான். 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டி தாங்காது, அப்போது பிஎஸ்பி (PSB) என்ற பெரிய வடிவத்தில் சேமிப்பார்கள். அதன் தலையிலும் அதே முத்திரைதான் இருக்கும்.

பிஎஸ்டியின் கடைசிப் பகுதியில் எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிய முழுப் படம் ஒன்று இருக்கும். எக்ஸ்என்வியூவோ இர்ஃபான்வியூவோ காட்டுவது அதைத்தான். ஆனால் டிசைனர் சேமிக்கும்போது 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை நிறுத்தியிருந்தால் அந்தப் படம் உள்ளே இருக்காது. வெள்ளைத் தாளும், 'ஒன்றாக்கிய படத்தோடு இந்தக் கோப்பு சேமிக்கப்படவில்லை' என்று பல மொழிகளில் ஒரு குறிப்பும்தான் வரும். பயப்பட வேண்டாம், லேயர்கள் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன.

அப்போது லேயர்களைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். கிம்ப், கிருதா இரண்டும் இலவசம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் ஃபோட்டோபீ என்ற இணையச் செயலி இருக்கிறது. பிரவுசரில் ஓடினாலும் கோப்பை எங்கும் அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே திறக்கும். பிஎஸ்டியை ஃபோட்டோஷாப்புக்கு மிக நெருக்கமாகக் காட்டுவது என் அனுபவத்தில் இதுதான். கிம்ப்பில் நிழல், ஒளிவட்டம் போன்ற லேயர் அலங்காரங்கள் சில காணாமல் போகும். எழுத்து லேயரைத் தப்பித் தவறிக்கூடச் சொடுக்கித் திருத்த முயலாதீர்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால், தொடாதவரை பழைய தோற்றம் இருக்கும், தொட்டதும் மாறிவிடும். திறந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான், அப்படியே பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்வது.

இன்னொன்று. ஆல்பம் தாளில் இருக்கும் முகங்கள் வெட்டிச் சுருக்கி ஒட்டப்பட்டவை. அதைப் பெரிதாக்கினால் மங்கும். தனிப் படம் வேண்டும் என்றால் பிஎஸ்டியை விட்டுவிட்டு ரா கோப்புக்குத்தான் போக வேண்டும்.

சிடிஆர்: பத்திரிகையும் ஃப்ளெக்ஸும்

நம் ஊர் அச்சகங்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிராதான் ராஜா. கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் கோரல் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த மென்பொருள் இது. கல்யாணப் பத்திரிகை, வாசலில் வைத்த பேனர், தாம்பூலப் பை எல்லாம் சிடிஆரில்தான் இருக்கும்.

எக்ஸ்4 பதிப்புக்கு முன் இருந்த சிடிஆர் ஒற்றைக் கோப்பு. 2008இல் வந்த எக்ஸ்4இலிருந்து அது ஜிப் பொட்டலமாகிவிட்டது. இதில் ஒரு வசதி இருக்கிறது. நகல் ஒன்றை எடுத்து, நீட்டிப்பை ஜிப் என்று மாற்றி, பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன முன்னோட்டப் படம் கிடைக்கும். அச்சுக்கு உதவாது, ஆனால் நூறு சிடிஆரில் நமக்கு வேண்டியது எது என்று கண்டுபிடிக்க அது போதும்.

முழுதாகத் திறக்க லிப்ரேஆபீஸ் டிரா இருக்கிறது. 2012இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து அது சிடிஆரைப் படிக்கிறது. வலேக் ஃபிலிப்போவ், ஃப்ரிட்ரிக் ஸ்ட்ர்பா இருவரும் சிடிஆரின் விதிகளைப் பிரித்துக் கண்டுபிடித்து லிப்சிடிஆர் என்ற நிரலகத்தை எழுதினார்கள். இங்க்ஸ்கேப்பும் அதைத்தான் பயன்படுத்துகிறது. கோடுகளும் வடிவங்களும் நன்றாகவே வரும். வண்ணக் கலவை, ஒளிபுகும் தன்மை, வடிவத்துக்குள் பொருத்திய படம் இவற்றில் கொஞ்சம் சேதாரம் இருக்கும்.

தமிழ் எழுத்துகள்தான் பெரிய தலைவலி. அந்தக் காலப் பத்திரிகைகள் யூனிகோடில் அடிக்கப்படவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா, இல்லாத கணினியில் ஐந்து உளறல் குறிகள். அக்காவின் பத்திரிகையைத் திறந்தபோது எங்கள் குலதெய்வத்தின் பெயரிலிருந்து சுற்றமும் நட்பும் வரை எல்லாமே அப்படித்தான் இருந்தது. உளறலின் முதல் சில எழுத்துகளைப் பார்த்தாலே பழகியவர்கள் என்ன எழுத்துரு என்று சொல்லிவிடுவார்கள். டிராவில் அந்த எழுத்தைத் தேர்ந்தால் எழுத்துருவின் பெயரும் மேலே தெரியும். அந்த எழுத்துருவை நிறுவிவிட்டுக் கோப்பை மூடித் திறங்கள், தமிழ் வந்துவிடும்.

கோரல்டிரா வைத்திருக்கும் டிடிபி கடை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. "அண்ணே, இதைக் கர்வ் பண்ணி பிடிஎஃப் எடுத்துக் கொடுங்க" என்று கேளுங்கள். எல்லா எழுத்தையும் தேர்ந்து கன்ட்ரோலும் க்யூவும் அழுத்தினால் எழுத்து கோடாக மாறிவிடும், அதன் பிறகு எழுத்துருவே தேவையில்லை. ஆனால் கோடான எழுத்தை மறுபடி திருத்த முடியாது. அதனால் கர்வ் செய்யாத சிடிஆரையும் பத்திரப்படுத்துங்கள்.

ஐபோன் படங்கள்

இது சுலபம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐபோன் எச்இஐசியில் படமெடுக்கிறது. விண்டோஸில் பார்க்க 'எச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசம், ஆனால் அதோடு சேர்ந்து வேலை செய்யும் எச்இவிசி நீட்சிக்குச் சின்னக் கட்டணம் கேட்கும். அது வேண்டாம் என்றால் கிம்ப்பிலேயே திறக்கலாம். இனிமேல் எடுப்பவை ஜேபெக்காகவே வர வேண்டுமென்றால், செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'.

இணைய மாற்றிகள் வேண்டாம்

'கோப்பைக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம்' என்று சொல்லும் இணையதளங்கள் ஏராளம். கோப்பை வாங்கித் தங்கள் கணினியில் மாற்றித் தருபவற்றுக்கு வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படங்களை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ரா கோப்பில் நாள், நேரம், சில சமயம் இடம்கூடப் பதிவாகியிருக்கும். அங்கே போன பிரதி அழிக்கப்பட்டதா என்று பார்க்க உங்களிடம் எந்த வழியும் இல்லை. மேலே சொன்ன மென்பொருள்கள் உங்கள் கணினியிலேயே அந்த வேலையை முடித்துவிடும்.

எதில் சேமிப்பது

முக்கியமான புகைப்படங்களுக்கு டிஃப், ஆல்பம் தாள்களுக்கு பிஎன்ஜி, பத்திரிகைக்கு பிடிஎஃப், லோகோ போன்ற கோட்டோவியங்களுக்கு எஸ்விஜி. ஜேபெக் பகிர்வதற்கு மட்டும், திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் தரம் தேயும். மாற்றிய ஒவ்வொன்றையும் ஒருமுறை முழு அளவில் திறந்து பாருங்கள். மொத்தமாக மாற்றும்போது பாதியில் நின்றவை சின்னப் படத்தில் சரியாகத்தான் தெரியும், பெரிதாக்கினால்தான் கீழ்ப்பாதி சாம்பலாக இருப்பது தெரியவரும். எனக்கு நாலாயிரத்தில் பதினொன்று அப்படி வந்தன. மறுபடி மாற்றினேன்.

அடுத்த விசேஷத்துக்கு ஸ்டுடியோவில் முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்: ரா எல்லாம் வேண்டும், கூடவே ஒவ்வொன்றுக்கும் முழு அளவு ஜேபெக் வேண்டும், ஆல்பத் தாள்கள் பிஎஸ்டியோடு ஜேபெக்காகவும் வேண்டும், பத்திரிகை கர்வ் செய்த பிடிஎஃப்பாக வேண்டும். வேலை நடக்கும்போது கேட்டால் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, கோப்புறையின் மேலேயே ஒரு சாதாரண உரைக் கோப்பு வையுங்கள். யூனிகோடு தமிழில், நோட்பேடில் அடித்தது. எந்தக் கோப்புறையில் என்ன, எந்த மென்பொருளில் திறந்தது, பத்திரிகைக்கு எந்த எழுத்துரு, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். கடைசி விவரத்தை எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அடித்தேன். அப்பாவின் படத்துக்கு நேரே இப்படி இருக்கிறது: 'தாரைவார்த்தல். அப்பா, அம்மா, அக்கா, மாப்பிள்ளை. சொம்பு பிடித்திருக்கும் கை பெரிய மாமா. அசல் சிஆர்2, டார்க்டேபிளில் கழுவியது, டிஃப்பும் ஜேபெக்கும் பக்கத்தில்.'